ஏற்காடு மலையிலும் சிக்னலிலும் கார் ஏசி சூடான காற்றை வீசுகிறது. இருமுறை கேஸ் போட்டும் சரியாகவில்லை

கேள்வி
வெள்ளைக்கரடு, ஜாகீர் அம்மாபாளையம், சேலம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2016ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. இதுவரை 74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு கோடைகளாக அதன் ஏசி என்னை அலைக்கழிக்கிறது. பழுது பார்ப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு மேற்கொண்டு செலவு செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் குளிர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை. ஓமலூர் தாண்டித் தொப்பூர் வரை நெடுஞ்சாலையில் சென்றாலும், நண்பகல் வெயிலாகவே இருந்தாலும், உள்ளே நன்றாகக் குளிர்கிறது. ஆனால் மதியம் நகருக்குள் வந்து ஐந்து ரோட்டில் பாலத்தின் கீழே சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்றால், வீசுகின்ற காற்றின் வேகம் அப்படியே இருக்க, குளிர்ச்சி மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து வெதுவெதுப்பான காற்றாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பானட் பக்கமிருந்து அவ்வப்போது ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. வண்டி நகர்ந்து சற்று வேகம் பிடித்ததும் குளிர்ச்சி திரும்புகிறது.

மலைப்பாதையில் நிலைமை இன்னும் மோசம். அடிவாரத்தில் நன்றாக இருக்கிற குளிர்ச்சி ஆறாவது, ஏழாவது கொண்டை ஊசி வளைவுக்குள் போய்விடுகிறது. அதன்பிறகு இருபதாவது வளைவு வரை கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. மேலே ஏரிக்கரையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஏசி குளிர்கிறது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது.

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு கடையில் கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லிக் கொஞ்சம் ஏற்றினார்கள். எவ்வளவு என்று எடை போடவில்லை. குளிர்ச்சி கூடியதுபோல் அன்று தோன்றியது. அது காலை நேரம் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். இந்த மார்ச்சில் வேறொரு கடையில் மறுபடியும் ஏற்றினார்கள். அதன்பிறகு கோளாறு குறையவில்லை, கூடியிருக்கிறது. கடைசியாக ஒரு பணிமனையில் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். தளர்ந்த கம்ப்ரசர் நெடுஞ்சாலையில் மட்டும் எப்படி நன்றாக வேலை செய்யும் என்ற என் கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடைக்கவில்லை.

என் தாயாருக்கு 78 வயது. மாதம் ஒருமுறை அவரை நண்பகலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். சென்ற முறை நான்கு ரோட்டு நெரிசலில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தது மனத்தை விட்டு அகலவில்லை. அடுத்த முறைக்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1
அம்மாபேட்டை வாசகர்

என் நண்பர் ஒருவரின் வண்டியிலும் இதே குறை இருந்தது. ஏசிக் குழாயில் பிரஷர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. அது தேவையில்லாமல் கம்ப்ரசரை நிறுத்துகிறது என்று கூறி, அதன் இரண்டு ஒயர்களையும் நேரடியாக இணைத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நிற்காமல் குளிர்கிறது. நூறு ரூபாய்கூடச் செலவில்லை. தாங்களும் முயன்று பார்க்கலாம்.


மறுமொழி 2
கோரிமேட்டு ஏசி மெக்கானிக்

ஐயா, தயவுசெய்து அந்த ஸ்விட்ச் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். கார் ஏசி வேலையில் எனக்கு இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் தெளிவாக இருப்பதால், வண்டியைப் பார்க்காமலேயே எந்தத் திசையில் தேட வேண்டும் என்று என்னால் சொல்ல முடிகிறது.

முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோலைப்போல் எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்புதான். அதற்குமேல் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது, ஒழுகும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆனால் தங்கள் வண்டியில் கேஸ் குறைந்திருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. கேஸ் குறைந்த வண்டி காலையிலும் நெடுஞ்சாலையிலும் இவ்வளவு நன்றாகக் குளிராது.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவத்திலிருந்து ஆவியாக மாறும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வெப்பத்தை முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரில் வெளிக்காற்றிடம் விட்டால்தான் அது மறுபடி திரவமாகும். வெளியே விட முடியாத வெப்பத்தை உள்ளேயிருந்து எடுக்கவும் முடியாது. நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாகவே கண்டென்சருக்குள் பாய்கிறது. சிக்னலில் நிற்கும்போதோ, அந்தக் காற்று முழுவதையும் ஒரே ஒரு மின்விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். தங்கள் ஏசி ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது குளிராமல் போகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சர் மீது செல்லும் காற்றையே தவிர கம்ப்ரசரை அன்று.

மலைப்பாதையில் இது ஏன் கூடுகிறது என்பதையும் சொல்கிறேன். இரண்டாம் கியரில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது இஞ்சின் மூவாயிரம் சுற்றுக்குமேல் ஓடும். கம்ப்ரசர் பெல்ட் மூலம் இஞ்சினோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் அதே வேகத்துக்குக் கேஸை அழுத்தித் தள்ளுகிறது. ஆனால் வண்டியின் வேகம் குறைவு என்பதால் எதிர்க்காற்று இல்லை. கண்டென்சருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கும் ரேடியேட்டரும் ஏற்றத்தில் கொதிப்பாக இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் கூடுகிறது. மேலே செல்லச் செல்ல வெளிக்காற்று ஏழெட்டு டிகிரி குளிர்ந்துவிடும். ஆனால் தங்கள் ஏசி ஆறாவது வளைவிலேயே நின்றுவிடுவதால் அந்தக் குளிர்ச்சியின் பயன் கிடைப்பதில்லை. உயர் அழுத்தக் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 30 பார், அதாவது 440 பிஎஸ்ஐ அளவை நெருங்கியதும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரைத் துண்டிக்கிறது. தாங்கள் கேட்ட ‘டக்’ என்ற ஒலி, கம்ப்ரசரைப் பெல்ட்டோடு சேர்க்கும் மேக்னட் கிளட்ச் விடுபட்டு மறுபடி ஒட்டும் ஒலியாக இருக்க வேண்டும்.

இந்த நிலையில் மேலும் கேஸ் ஏற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மிகுதியான கேஸ் திரவமாகிக் கண்டென்சரின் அடிக்குழாய்களில் தேங்கி நிற்கும். வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய பரப்பில் ஒரு பகுதி அதனால் வீணாகி, அழுத்தம் இன்னும் கூடும். மார்ச்சுக்குப் பிறகு கோளாறு கூடியதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்யலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ஒரு செய்தித்தாளின் ஒற்றைத் தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். விசிறி ஓடும்போது தாள் இழுக்கப்பட்டுக் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வலுவின்றித் தொங்கினால் விசிறியில் வேகம் இல்லை, அல்லது காற்று செல்லும் வழி அடைபட்டிருக்கிறது. தாள் வெளியே தள்ளப்பட்டால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. விபத்துக்குப் பின் பழுது பார்க்கப்பட்ட வண்டிகளில் ஒயரை மாற்றி இணைத்து இப்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது, மதிய வெயிலில் ஏசி சூடாகும் வரை வண்டியை நின்ற நிலையில் ஓடவிட்டு, பிறகு தோட்டக் குழாயால் கண்டென்சர் மீது மட்டும் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் குளிர்ச்சி திரும்பினால் நோய் எங்கே இருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. இஞ்சின் பக்கம் தண்ணீர் தெறிக்க வேண்டாம். விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் கையையோ துணியையோ அருகில் கொண்டுபோக வேண்டாம்.

இதே அறிகுறியைக் காட்டக்கூடிய இன்னொரு கோளாறும் இருக்கிறது. மேக்னட் கிளட்சின் இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால், கிளட்சுக்குள் இருக்கும் மின்காந்தக் காயில் சூடேறிய பிறகு தட்டை இழுக்கும் வலு அதற்கு இருக்காது. ஏசி நின்றுபோன அந்த நேரத்திலேயே கிளட்ச் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் வந்தும் கிளட்ச் ஒட்டவில்லை என்றால் குறை கிளட்சில்; மின்சாரமே வரவில்லை என்றால் ஸ்விட்சோ கணினியோ வேண்டுமென்றே துண்டித்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கம்ப்ரசரை மாற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைக்குச் சென்றால் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கும் அழுத்தத்தை வைத்து யாராவது கேஸ் நிறைந்திருக்கிறது, குறைந்திருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆர் 134 ஏ எனப்படும் கார் ஏசி கேஸ் 35 டிகிரி வெப்பத்தில் உள்ளே நூறு கிராம் இருந்தாலும் ஐந்நூறு கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும் வரை ஏறத்தாழ 114 பிஎஸ்ஐதான் காட்டும். ஓடும்போது காட்டும் இரண்டு எண்கள்தாம் பேச வேண்டும். நம் ஊர் வெயிலில் அழுத்தம் தாழ்ந்த பக்கம் 35 முதல் 45 வரையும், அழுத்தம் உயர்ந்த பக்கம் 220 முதல் 270 வரையும் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். இரண்டுமே மிகுதியாக இருந்தால் காற்றோட்டக் குறை, கேஸ் மிகுதி, குழாய்க்குள் வெளிக்காற்று கலந்திருத்தல் ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ இருக்கும். தாழ்ந்த பக்கம் உயர்ந்தும் உயர்ந்த பக்கம் தாழ்ந்தும், அதாவது இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால்தான் கம்ப்ரசர் தளர்ந்திருக்கிறது என்று பேச வேண்டும்.

இப்போது அந்த ஸ்விட்ச். அதை நேரடியாக இணைத்தால் அழுத்தம் கட்டின்றி ஏறும். கம்ப்ரசரில் நிவாரண வால்வு இருந்தால் அது திறந்து கேஸ் முழுவதும் பீறிட்டு வெளியேறும். இல்லையென்றால் ஹோஸ் வெடிக்கும், அல்லது கம்ப்ரசர் இறுகிப்போகும். அந்த ஸ்விட்ச் நோயைச் சொல்லும் நாடி. அதை அறுத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று எண்ணக் கூடாது.


மறுமொழி 3
வாடகை வண்டி, சேலம் ஜங்ஷன்

மெக்கானிக் அண்ணன் சொல்வதை நான் என் பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்பதால் எழுதுகிறேன். ஏழு பேர் அமரும் டீசல் வண்டி ஓட்டுகிறேன். மே மாதம் கோடை விழா நேரத்தில் ஏற்காட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறைகூட ஏற வேண்டிவரும். அந்த நாட்களில் வளைவுக்கு வளைவு வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். ஏசி நின்றுபோனால் பயணிகள் கோபப்படுகிறார்கள் என்று, நானும் ஒரு கடையில் அந்த ஸ்விட்சை நேரடியாக இணைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் பதினான்காவது வளைவுக்கு அருகில் பெல்ட் கிறீச்சிடும் ஓசையும் ரப்பர் கருகிய வாடையும் சேர்ந்து வந்தன. கம்ப்ரசர் இறுகி, பெல்ட் வழுக்கிப் புகைந்துகொண்டிருந்தது. என் வண்டியில் ஆல்டர்னேட்டருக்கும் அதே பெல்ட் என்பதால் வண்டியையே ஓட்ட முடியாமல் பயணிகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. கழற்றிப் பார்த்தபோது கம்ப்ரசர் எண்ணெய் கருமையாகி, அதில் நுண்ணிய உலோகத் துகள்கள் வெயிலில் மினுங்கின. அந்தத் துகள்கள் குழாய் முழுவதும் பரவியிருந்ததால் கம்ப்ரசரோடு கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கேஸிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டில் ஆகியவற்றையும் மாற்றினேன். ஒரு சீசனில் ஈட்டியது அந்த ஒரு பில்லில் போய்விட்டது. அம்மாபேட்டை நண்பரின் வண்டியில் அந்த இணைப்பு இன்னும் இருக்கிறதென்றால் இன்றே பிரித்துவிடச் சொல்லுங்கள்.


மறுமொழி 4
நாகலூர்க் காப்பிக்காடு

நாங்கள் மேலே இருப்பவர்கள் என்பதால் மலைப்பாதை பற்றி இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முழு வேகத்துக்கு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கம்ப்ரசரைச் சில நொடிகளுக்குத் துண்டித்து, அந்த வலுவையும் சக்கரத்துக்குக் கொடுக்கும்படி பல கார்களில் இஞ்சின் கணினி அமைக்கப்பட்டிருக்கிறது. சிறிய இஞ்சினில் நான்கு பேரோடு ஏறும்போது, வளைவுகளில் இப்படி ஏசி விட்டுவிட்டு வேலை செய்வது கோளாறு அன்று. காலைத் தளர்த்தியதும் சில நொடிகளில் குளிர்ச்சி திரும்பினால் அது இந்த வகை. தங்களுக்கு ஏரிக்கரை வரும் வரை திரும்பவில்லை என்பதால் தங்களுடையது வேறு. கோளாறு நீங்கிய பிறகும் சில வளைவுகளில் ஒரு கணம் குளிர்ச்சி விடுபடும். அதைக் கண்டு மறுபடி கலங்க வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது, அடிக்கடி ஏற்காட்டுக்கு வந்து மரத்தடியில் வண்டியை நிறுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது. எங்கள் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகச் சில்வர் ஓக் மரங்கள் வளர்க்கிறோம். அதன் இலை பெரணி இலைபோல் பிளவுபட்டு, காய்ந்தால் லேசாகிப் பறக்கும். அது முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் விழுந்து, வெளிக்காற்றுத் துளை வழியாகப் புளோயர் வரை போய்விடுகிறது. என் வண்டியில் சென்ற மழைக்காலத்தில் கேபின் ஃபில்டரை இழுத்தபோது, அதன் மடிப்புகளுக்கிடையே இரண்டு கை நிறைய இலையும், அவற்றின் நடுவே எலி கடித்துச் சேர்த்த பஞ்சும் இருந்தன. அந்தக் கோளாற்றின் அறிகுறி தங்களுடையதிலிருந்து வேறுபடும்: அங்கே குளிர்ச்சி இருக்கும், காற்றுதான் வராது. அந்தப் பள்ளத்தின் வடிகால் துளை அடைபட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, ஏசி போட்டதும் பூஞ்சை வாடை அடிக்கும். ஃபில்டரை மாற்றுவதோடு நிறுத்தாமல் பள்ளத்தையும் துடைத்தெடுக்க வேண்டும்.

பனிமூட்டம் இறங்கும் மாலைகளில், குளிராக இருக்கிறதே என்று ஏசியை அணைத்துவிட வேண்டாம். கூலிங் காயில் காற்றிலிருக்கும் ஈரத்தை நீராக்கி வடித்துவிடுவதால், காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியோடு சேர்த்துச் சற்று வெப்பத்தையும் வைத்தால் உட்பக்க மங்கல் உடனே நீங்கும். எங்களுக்கு ஏசி கோடைக்காக மட்டும் அன்று; ஐப்பசி, கார்த்திகையில் வழியைக் கண்ணால் பார்க்கவும் அது வேண்டும்.


கேட்டவரின் பதிவு
வெள்ளைக்கரடு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாகச் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

செய்தித்தாள் சோதனையில் தாள் கிரில்லில் ஒட்டவில்லை. அடிப்பகுதி மட்டும் லேசாக அசைந்தது. தண்ணீர்ச் சோதனையை மதியம் ஒரு மணிக்குச் செய்தேன். ஏசிக் காற்றின் வாயில் சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகியிருந்தேன். நின்ற நிலையில் 21 டிகிரி வரை ஏறியிருந்த காற்று, தண்ணீர் விட்ட ஒரு நிமிடத்துக்குள் 12 டிகிரிக்கு இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த என் மகன் கைதட்டிவிட்டான். ஏசி நின்ற நேரத்தில் கிளட்ச் கனெக்டரில் மின்சாரம் வரவில்லை என்பதையும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து உறுதிசெய்துகொண்டேன்.

பிறகு, கேஸை வெளியே இழுத்து எடை காட்டும் ரெகவரி மெஷின் வைத்திருக்கும் ஒரு கடைக்குச் சென்றேன். கேஜில் தாழ்ந்த பக்கம் 58, உயர்ந்த பக்கம் 360 என்று தொடங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது. கேஸை மெஷினுக்குள் இழுத்தபோது 510 கிராம் வந்தது. பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 380 கிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. எட்டு ஆண்டாக என் கண்ணெதிரே இருந்த அந்த ஸ்டிக்கரை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. கேஸ் ஏற்றிய இருவரும் படிக்கவில்லை.

விசிறியின் கதை தனி. கனெக்டரில் 10.1 வோல்ட்தான் வந்துகொண்டிருந்தது; அதே நேரம் பேட்டரியில் 13.8 வோல்ட். எர்த் ஒயர் பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றியபோது, அதன் அடியில் வெளிறிய பச்சை நிறத்தில் துரு உப்பாகப் பூத்திருந்தது. அதைச் சுரண்டித் தேய்த்து, ஒயர் முனைக்குப் புது லக் வைத்து இறுக்கியதும் 13.4 வோல்ட் வந்து, விசிறியின் ஓசையே மாறிவிட்டது.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது கண்டென்சரைப் பற்றி. முன்பக்கமிருந்து பார்த்தால் அது சுத்தமாகவே இருந்தது. வாட்டர் வாஷ் செய்யும்போதெல்லாம் அதன்மீதும் தண்ணீர் அடிப்பார்கள். ஆனால் விசிறிக் கூட்டைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தபோது, இரண்டுக்கும் நடுவிலிருந்த விரல் அகல இடைவெளியில் ஒரு பாய் விரித்ததுபோல் அழுக்கு படிந்திருந்தது. மெக்கானிக் அதை ஓரத்தில் பிடித்து உரித்தெடுத்தபோது, கம்பளித் துணிபோல் ஒரே துண்டாக வந்தது. எங்கள் பகுதியில் மேக்னசைட் சுரங்கத்து வெண்தூசி வீட்டுத் திண்ணை முதல் வேப்பிலை வரை படிவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். அந்த வெண்மை, இலவம்பஞ்சு இழை, ஈசல் இறகு எல்லாம் சேர்ந்து இறுகிய துண்டு அது. முன்னால் அடித்த ஒவ்வொரு வாட்டர் வாஷும் அழுக்கை உள்ளே தள்ளி இறுக்கியிருக்கிறது என்று மெக்கானிக் காட்டினார். மேல் வரிசையில் தகடுகள் சில அந்தத் தண்ணீர் வேகத்தில் மடிந்தும் கிடந்தன. அவற்றைச் சீப்பு போன்ற கருவியால் நிமிர்த்தினார். பிறகு பின்பக்கமிருந்து முன்பக்கமாக, வேகம் குறைத்த தண்ணீரால் கழுவினார்.

அரை மணி நேரத்துக்குமேல் வேக்கம் வைத்துக் குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி, அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்து, 380 கிராம் கேஸை எடை வைத்து ஏற்றினார். இப்போது நின்ற நிலையில் தாழ்ந்த பக்கம் 40, உயர்ந்த பக்கம் 240. காற்றின் வாயில் 9 டிகிரி. செலவு மொத்தம் 3,400 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு ஏறினோம். ஒரு பேருந்தை முந்தியபோது மட்டும் ஒரு கணம் குளிர்ச்சி விடுபட்டுத் திரும்பியது. நாகலூர் நண்பர் முன்கூட்டியே எழுதியிருந்ததால் நான் பதறவில்லை. பதினைந்தாவது வளைவில் அம்மா, குளிர்கிறது, சற்றுக் குறைத்து வை என்றார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மிகுதியாக இருந்த 130 கிராமை அப்படியே காற்றில் திறந்துவிட்டிருந்தால் கடை தேடும் அலைச்சல் மிச்சமாகியிருக்குமே, அது தவறா? டிரையர் பாட்டிலை மாற்றாமல் விட்டது சரியா?


மறுமொழி
கோரிமேட்டு ஏசி மெக்கானிக்

மிகுந்த மகிழ்ச்சி, ஐயா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

திறந்துவிடுவது இரண்டு வகையில் தவறு. உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வழியில்லாமல் போவதோடு, கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறிவிடும். அடுத்தது காற்றைப் பற்றியது. முன்பு கார்களில் இருந்த ஆர் 12 ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைக் கைவிடச் செய்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர் 134 ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 1,400 மடங்குக்கு மேல் வலுவுடையது. தாங்கள் கேட்கும் 130 கிராம், ஏறத்தாழ 80 லிட்டர் பெட்ரோலை எரித்துவிடும் புகைக்குச் சமம். மெஷினில் இழுத்துச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த முடிகிற பொருளை அப்படி வீணாக்க எனக்கு மனம் வராது. என் கடையில் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்வதும் இதைத்தான்.

டிரையரை மாற்றாதது சரியே. கேஸைச் சர்வீஸ் வால்வு வழியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். குழாயைப் பிரித்து வெளிக்காற்றுப் படவிடவில்லை. எப்போதாவது ஹோஸையோ காயிலையோ கழற்ற நேர்ந்தால் டிரையரையும் அத்துடன் ஓ ரிங்குகளையும் மாற்றிவிடுங்கள். கசிவு தேட வேண்டிவந்தால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சாதாரணக் கம்ப்ரசரின் காற்றை ஏற்றினால் அதிலிருக்கும் ஈரம் உள்ளே தங்கிவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்ற யாரையும் விடாதீர்கள். சமையல் எரிவாயு வகைக் கலவையையும் இதே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அது கசிந்தால் தீப்பற்றும்.

தாங்கள் இருக்கும் பகுதித் தூசிக்கு, ஆண்டுதோறும் மாசி மாதத்தில், வெயில் ஏறுமுன், விசிறிக் கூட்டைக் கழற்றி அந்த இடைவெளியைப் பார்த்துவிடுவது நல்லது. எர்த் போல்ட் மீது கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். ஏற்றிய 380 கிராமையும் தேதியையும் பில்லில் எழுதி வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் கடையில் கேட்டு எழுதி வாங்கி வண்டிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது கேஸ் குறைந்திருக்கிறது என்று சொன்னால், எத்தனை கிராம் என்று கேட்பதற்கு அந்தத் தாள் தங்கள் கையில் இருக்கும்.